மீட்டரில் தொடங்கி நண்டு விண்முகில் வரை: விக்கிப்பீடியா, ஒரு வாசகரின் மதிப்புரை

ஒரு நாள் மாலை, திரைச்சீலை தைப்பதற்காகச் சன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். அளவு நாடாவில் 100 என்று அச்சிட்ட கோட்டின்மேல் விரல் நின்றபோது, ஒரு மீட்டர் என்பது ஏன் சரியாக இந்த நீளத்தில் இருக்க வேண்டும், இதை யார் எதைப் பார்த்து முடிவுசெய்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. நாடாவை அப்படியே வைத்துவிட்டு விக்கிப்பீடியாவைத் திறந்தேன். அந்தக் கேள்வி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தையும் போன வழியையும் சொல்லிவிட்டால், இந்த இணையக் கலைக்களஞ்சியத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதில் பாதி சொல்லி முடிந்துவிடும்.

வட துருவத்திலிருந்து பாரிஸ் நகரின் வழியாக நிலநடுக்கோடு வரை உள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே ஒரு மீட்டர் என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1791-இல் வரையறுத்தது. அவ்வளவு தொலைவையும் நடந்து அளக்க முடியாது என்பதால், பிரான்சின் வட கரையிலுள்ள டன்கிர்க் முதல் ஸ்பெயினின் பார்சிலோனா வரையிலான பகுதியை மட்டும் அளந்து மீதியைக் கணக்கிடும் பணி டெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானியலாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1792-இல் புறப்பட்டவர்கள், புரட்சிக்கும் போருக்கும் நடுவே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அளந்தார்கள். அதன் பயனாக 1799-இல் ஒரு பிளாட்டினக் கோல் செய்யப்பட்டது. அந்தக் கோல் வரையறையில் சொன்ன நீளத்தைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்ட மதிப்பு சரியாக இல்லாததே அதற்கு முதன்மைக் காரணம். பிழை தெரிந்த பிறகும் கோலை யாரும் மாற்றவில்லை. பூமியை விட்டுவிட்டுக் கோலையே அளவாக வைத்துக்கொண்டார்கள். பின்னர் 1889-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த கோலும், 1960-இல் கிரிப்டான்-86 என்ற வாயு உமிழும் ஒளியின் அலைநீளமும், 1983-இல் ஒளியின் வேகமும் அந்த இடத்தை அடுத்தடுத்துப் பிடித்தன. இன்று ஒரு மீட்டர் என்பது, வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவு.

என் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் மெஷேன் என்ற பெயர் நீல நிறத்தில் இருந்தது. அதை அழுத்தினேன். பார்சிலோனாவில் அவர் எடுத்த அகலாங்கு அளவீடுகள் இரண்டும் சுமார் 3 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதும், அந்த முரண்பாட்டை அவர் யாரிடமும் சொல்லாமல் தமக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார் என்பதும், அளவைப் பணியை நீட்டிக்க மறுபடியும் ஸ்பெயினுக்குச் சென்று 1804-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார் என்பதும், அவருடைய குறிப்பேடுகளை அவருக்குப் பின் டெலாம்பர் படித்தபோதுதான் அந்த மனவேதனை வெளியே தெரிந்தது என்பதும் அந்த வழியில் தெரிந்துகொண்டவை. அளவு நாடாவில் உள்ள கோட்டுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உறக்கமற்ற இரவுகள் இருக்கின்றன என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

மெஷேன் வால்வெள்ளிகளையும், வானில் மேகத் திட்டுகள்போல் தெரியும் விண்முகில்களையும் தேடியவர். மெசியே என்ற வானியலாளரின் பட்டியலில் இன்று உள்ள 110 பொருள்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை அவரே முதலில் கண்டார். அந்தப் பட்டியலின் முதல் உருப்படி நண்டு விண்முகில். 1054-ஆம் ஆண்டு சீன வானியலாளர்கள் ‘விருந்தாளி விண்மீன்’ என்று குறித்துவைத்த, ஒரு விண்மீனின் பெரும் வெடிப்பின் எச்சம் அது. வெடித்தபோது 23 நாள்கள் பகலிலும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரவிலும் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் நடுவில் நொடிக்கு 30 முறை சுழன்று, சீரான இடைவெளியில் துடிப்பதுபோல் சமிக்ஞை அனுப்பும் துடிவிண்மீன் ஒன்று 1968-இல் கண்டறியப்பட்டது. துடிவிண்மீன் என்ற சொல்லை அழுத்தினால், 1967-இல் முதல் துடிவிண்மீனின் சமிக்ஞையைக் கவனித்த ஆய்வு மாணவி ஜோசலின் பெல் பர்னெல் வருகிறார். அந்தக் கண்டுபிடிப்பை ஒட்டி 1974-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அவர் பெயர் அதில் இடம்பெறவில்லை. 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசுத் தொகை முழுவதையும் இயற்பியல் படிக்க வரும் மாணவர்களின் உதவித்தொகைக்காக அவர் கொடுத்துவிட்டார்.

அளவியல், பிரெஞ்சுப் புரட்சி, புவியின் வடிவம், வானியல், சீனப் பதிவேடுகள், அறிவியலில் பெண்களின் நிலை ஆகிய ஆறு துறைகளை ஏழெட்டுச் சொடுக்குகளில் கடந்திருந்தேன். இவற்றை இணைத்தவர் எந்த ஒரு பதிப்பாசிரியரும் அல்லர். ஒவ்வொரு கட்டுரையையும் எழுதியவர்கள் தங்கள் பக்கத்தில் வரும் பெயர்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பொது அறிவு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இந்தத் தொடர்பையே முதன்மையாகக் கொண்டது. விக்கிப்பீடியாவை நான் முதலில் மதிப்பதும் இதற்காகவே.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொது அறிவு என்றாலே ஒரு வரிக் கேள்வியும் ஒரு சொல் விடையுமாக அடுக்கிவைத்த தொகுப்புகளைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஓர் இணையத் தொகுப்பை நெடுநாள் நம்பிப் படித்துவந்தேன். ‘நிலவிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரே மனிதக் கட்டுமானம் எது?’ என்ற கேள்விக்குச் சீனப் பெருஞ்சுவர் என்று அதில் விடை போட்டிருந்தது. அதை அப்படியே ஒரு மாணவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பிறகு பெருஞ்சுவரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையைப் படித்தபோது, அந்தக் கூற்று தவறு என்பதோடு, அது பிறந்த கதையும் கிடைத்தது. மனிதர் விண்வெளிக்குப் போவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1754-இல் வில்லியம் ஸ்டக்லி என்ற ஆங்கிலேயர் எழுதிய கடிதம் ஒன்றில் அந்தக் கருத்து இருக்கிறது. 2003-இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவேய், தம் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்றே சொன்னார். சுவர் நீளமாக இருக்கிறதே ஒழிய அகலம் மிகக் குறைவு. நிலவிலிருந்து அதைக் காண முயல்வது, சில கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் ஒரு தலைமுடியைக் காண முயல்வதைப் போன்றது. அந்த மாணவனிடம் திரும்பிப் போய்ச் சொல்லும்போது, விடையை மட்டும் திருத்தாமல் தவறு எப்படிப் பரவியது என்பதையும் சேர்த்தே சொல்ல முடிந்தது. ஒரு வரி விடைத் தொகுப்புக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவான இடம் இதுதான்.

விக்கிப்பீடியா எப்படி உருவாகிறது என்பது பலருக்கும் ஓரளவு தெரியும். 2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். அதற்கு முன் அவர்கள் நடத்திய நியூபீடியாவில் வல்லுநர்கள் எழுதி, வல்லுநர்கள் சரிபார்த்து, பல படிகளைத் தாண்டிய பிறகே ஒரு கட்டுரை வெளிவரும்; ஆகவே மிகச் சில கட்டுரைகளே வந்து சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற விக்கி முறையை வார்டு கன்னிங்காம் என்ற கணினி நிரலாளர் 1995-இலேயே உருவாக்கியிருந்தார். விரைவு என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லைத்தான் அதற்குப் பெயராக வைத்தார். அந்த முறையைக் கலைக்களஞ்சியத்துக்குப் பொருத்தியபோது ஏற்பட்ட விளைவை இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் காண்கிறோம். ஆங்கிலப் பதிப்பு மட்டும் 2020 ஜனவரியிலேயே 60 லட்சம் கட்டுரைகளைக் கடந்துவிட்டது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, படிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. விக்கிமீடியா அறக்கட்டளை நன்கொடையில் இதை நடத்துகிறது. ஆண்டுதோறும் பக்கத்தின் மேற்பகுதியை அடைத்துக்கொண்டு வரும் நன்கொடை வேண்டுகோள் சிலருக்கு எரிச்சல் ஊட்டுகிறது. படிக்கும் கட்டுரைக்கு நடுவே எவருடைய பொருளையும் வாங்கச் சொல்லாத ஒரு தளத்துக்கு அந்தச் சிறு இடையூறு அதிகமான விலை அன்று என்பது என் கருத்து.

அச்சுக் கலைக்களஞ்சியங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1768-இல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கிய பிரிட்டானிக்கா, 32 தொகுதிகள் கொண்ட 2010-ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சை நிறுத்திக்கொள்வதாக 2012-இல் அறிவித்தது. அந்தக் கனத்த தொகுதிகளைப் புரட்டிய கைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 2006 ஆகஸ்டு 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியபோது, அலமாரியில் இருந்த அத்தனை தொகுதிகளும் ஒரே நாளில் அந்த ஓர் இடத்தில் பழையதாகிவிட்டன. விக்கியில் அத்தகைய திருத்தத்துக்குச் சில நிமிடங்கள் போதும்.

சில நிமிடங்களில் திருத்த முடியும் என்பதே இதன் பலவீனமும் ஆகும். 2005-ஆம் ஆண்டு மே மாதம், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்க இதழாளரின் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் படுகொலைகளோடு அவரைத் தொடர்புபடுத்தும் கட்டுக்கதையை யாரோ எழுதிவிட்டார்கள். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் ஆங்கிலப் பதிப்பில் கணக்கு இல்லாதவர்கள் புதிய கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றி எழுதுவதற்கான விதிகளும் இறுகின. அதே ஆண்டின் இறுதியில் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து, விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் துறை வல்லுநர்களிடம் கொடுத்துச் சரிபார்த்தபோது, ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கியில் நான்கும் பிரிட்டானிக்காவில் மூன்றும் பிழைகள் இருந்தன. பிரிட்டானிக்கா அந்த ஆய்வின் முறையைக் கடுமையாக மறுத்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது யார் வென்றார் என்பது அன்று. வல்லுநர்கள் கையெழுத்திட்ட கட்டுரையிலும் மூன்று பிழைகள் இருக்கக்கூடும் என்பதுதான்.

அதைவிடக் கவலை தருவது வேறொரு வகைப் பிழை. தென் அமெரிக்காவில் கோவாட்டி என்று நீண்ட மூக்கும் வளையம் போட்ட வாலும் உள்ள விலங்கு ஒன்று உண்டு. 2008-இல் ஒரு மாணவர், ‘பிரேசில் ஆர்டுவார்க் என்றும் இதை அழைப்பர்’ என்று விளையாட்டாக அந்தக் கட்டுரையில் ஒரு தொடரைச் சேர்த்தார். ஆர்டுவார்க் என்பது ஆப்பிரிக்காவில் வாழும், கோவாட்டியோடு எந்த உறவும் இல்லாத விலங்கு. அந்தத் தொடரை யாரும் நீக்கவில்லை. செய்தித்தாள்கள் அந்தப் பெயரை எடுத்தாண்டன. பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட நூல் ஒன்றிலும் அது நுழைந்தது. பிறகு அந்தச் செய்தித்தாள்களில் ஒன்றையே சான்றாகக் காட்டி விக்கிக் கட்டுரையில் அந்தப் பெயர் நிலைபெற்றது. 2014 வரை இப்படியே நடந்தது. சான்று இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, அந்தச் சான்று எங்கிருந்து எடுத்தது, அது எழுதப்பட்ட ஆண்டு கட்டுரையில் அந்தத் தொடர் நுழைந்த ஆண்டுக்கு முந்தியதா பிந்தியதா என்றும் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒரு விலங்கிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டை எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான வாசகர்கள் ஒருமுறைகூடத் திறந்திராத இரண்டு பகுதிகள் ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலேயே இருக்கின்றன. ஒன்று வரலாறு, மற்றொன்று உரையாடல். வரலாற்றைத் திறந்தால், அந்தக் கட்டுரை பிறந்த நாள் முதல் இன்றுவரை செய்யப்பட்ட ஒவ்வொரு திருத்தமும், செய்தவர் பெயரோடும் நாளோடும் நேரத்தோடும் வரிசையாக இருக்கும். அவற்றில் ஏதேனும் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடச் சொன்னால், இடப்புறம் பழைய வரியும் வலப்புறம் புதிய வரியும் நின்று, மாறிய சொற்கள் மட்டும் நிறம் பூசிக் காட்டப்படும். உரையாடல் பக்கத்தில், எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது, எந்த எண்ணிக்கையை ஏற்பது, எந்தச் சொல் ஒருதலைச் சார்பானது என்று எழுதியவர்கள் தங்களுக்குள் வாதிட்டது அப்படியே கிடக்கும். சர்ச்சைக்குரிய பொருளைப் படிக்கும்போது நான் கட்டுரைக்கு முன்பாக உரையாடல் பக்கத்தைத்தான் படிக்கிறேன். எங்கே கருத்து வேறுபாடு இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், கட்டுரையில் வழவழப்பாக எழுதியிருக்கும் வாக்கியத்தின் அடியில் என்ன மறைந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. தன் எழுத்து உருவான முறையை இவ்வளவு வெளிப்படையாகத் திறந்துவைத்திருக்கும் வேறு பொது அறிவு நூல் எதையும் நான் கண்டதில்லை.

எதைப் பற்றிக் கட்டுரை இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் முறையிலும் குறை இருக்கிறது. நம்பத்தகுந்த வேறு வெளியீடுகளில் ஒருவரைப் பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டிருந்தால்தான் விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் கிடைக்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விதி, உலகம் ஏற்கெனவே யாரைக் கவனிக்கத் தவறியதோ அவர்களை மறுபடியும் தவறவிடுகிறது. லேசர் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்டைப் பற்றி ஒருவர் எழுதிய வரைவு 2018 மே மாதத்தில் போதிய சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகே அவருக்கு ஒரு பக்கம் அமைந்தது. ஆங்கிலப் பதிப்பிலுள்ள வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் பெண்களைப் பற்றியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. துடிவிண்மீனில் தொடங்கிப் பெல் பர்னெலைச் சென்றடைந்த வாசகர், அவரைப் போன்ற வேறு எத்தனை பேரைச் சென்றடைய வழியே இல்லாமல் இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

துறைக்குத் துறை தரமும் மாறுகிறது. உயிரினங்கள், வரலாற்று நிகழ்வுகள், விண்பொருள்கள், நாடுகள் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகள் பொது வாசகருக்கு மிகவும் உகந்தவை. நீர்க்கரடிகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1773-இல் கோட்சே என்ற ஜெர்மானியப் பாதிரியார் கண்ட அந்த எட்டுக்கால் நுண்ணுயிர், உடலின் நீரையெல்லாம் இழந்து சுருண்டு கிடந்து, 2007-இல் விண்வெளியின் வெற்றிடத்தில் வைக்கப்பட்ட பின்னும் உயிர்த்தெழுந்தது வரை அதில் இருக்கிறது. கணிதக் கட்டுரைகள் அப்படி அல்ல. பலவற்றில் முதல் வரியே, அந்தப் பொருளை ஏற்கெனவே அறிந்தவருக்கு மட்டும் விளங்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. நிரூபணம் சரியாக இருக்கும், வாசகர் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுவார். அத்தகைய இடங்களில் எளிய ஆங்கிலத்துக்கென்றே தனியாக உள்ள பதிப்புக்கு மாறிப் படித்துவிட்டுத் திரும்பி வருவது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. மருந்து, நோய் பற்றிய கட்டுரைகளைத் தெரிந்துகொள்ள மட்டுமே படிக்க வேண்டும். மருத்துவ அறிவுரை தருவதில்லை என்று விக்கிப்பீடியாவே அறிவித்திருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2003 செப்டம்பரில் தொடங்கிய இது 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. அதன் இடைமுகத்திலேயே ஓர் அழகு இருக்கிறது. பங்களிப்பாளர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். புதியவர்கள் எழுதிப் பழகும் இடம் மணல்தொட்டி. வளராத கட்டுரை குறுங்கட்டுரை. இப்பெயர்களை அமைத்தவர்கள் மொழிபெயர்க்க உட்காரவில்லை, தமிழில் யோசித்திருக்கிறார்கள்.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்துத் தாவும் வசதியை நான் கலைச்சொல் அகராதியாகவே பயன்படுத்துகிறேன். கருந்துளை, ஒளிச்சேர்க்கை போன்ற பழகிய சொற்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் ஒரு கனிமத்தின் பெயரையோ ஒரு நரம்பின் பெயரையோ தமிழில் எப்படி எழுதுகிறார்கள் என்று அறிய இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆக்சிசன் என்று சிலரும் ஒட்சிசன் என்று சிலரும் எழுதும் வழக்கு வேறுபாட்டை ஒன்றை அடித்து ஒன்றை நிறுத்தாமல் கையாள முயல்வதும் பாராட்டுக்குரியது. குறைகளையும் சொல்ல வேண்டும். குறுங்கட்டுரைகள் ஏராளம். பல தலைப்புகளில் இரண்டு வரியும் ஓரத்தில் விவரங்களை அடுக்கிக் காட்டும் ஒரு தகவற்சட்டமும் மட்டுமே இருக்கும். கருவி கொண்டு மொழிபெயர்த்த பழைய கட்டுரைகள் சிலவற்றில் எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். உலகச் செய்திகளில் எண்ணிக்கைகள் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் நிற்பதும் உண்டு. ஆகவே தமிழ்க் கட்டுரையைப் படித்துப் பொருளை உள்வாங்கிக்கொண்டு, எண்களையும் ஆண்டுகளையும் ஆங்கிலக் கட்டுரையோடும் அதன் அடிக்குறிப்போடும் ஒப்பிட்டுக்கொள்வது என் வழக்கம்.

கட்டுரை எண்ணிக்கையைக் கொண்டு ஒரு மொழிப் பதிப்பை மதிப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிலிப்பீன்சில் பேசப்படும் செபுவானோ மொழியின் பதிப்பில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை ஒரு தானியங்கி நிரல் உருவாக்கியது. ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் எழுதியிருந்தார் என்பது 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தன் மொழியை அறிந்தவர்கள் கண்காணிக்காவிட்டால் ஒரு கலைக்களஞ்சியத்துக்கு என்ன நேரும் என்பதற்கு அது வேதனையான எடுத்துக்காட்டு. தமிழ்ப் பதிப்பில் ஆலமரத்தடியில் சந்திப் பிழைக்காக வாதிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மன நிறைவு உண்டாவது அதனால்தான்.

வேறு தளங்களோடு ஒப்பிட்டால், பிரிட்டானிக்காவின் இணையப் பதிப்பில் கட்டுரைகள் குறைவு. ஆனால் பதிப்பாசிரியர்கள் செப்பனிட்ட, தலை முதல் கால் வரை ஒரே குரலில் செல்லும் நடை அங்கே கிடைக்கிறது. ஒரு பொருளைப் பற்றிய முதல் அறிமுகத்துக்கு அது பல நேரங்களில் மேலானது. மெய்யியலுக்கு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மெய்யியல் கலைக்களஞ்சியம் 1995 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. துறை அறிஞர்கள் எழுதி, பிற அறிஞர்கள் மதிப்பிட்டு, காலத்துக்கு ஏற்பத் திருத்தப்படும் அதன் கட்டுரைகளுக்கு ஆழத்தில் விக்கிப்பீடியா ஈடாகாது. ஆனால் இவற்றுள் எதிலும் அளவு நாடாவில் தொடங்கி நண்டு விண்முகிலுக்குப் போக முடியாது. அகலம் வேண்டும்போது விக்கிப்பீடியா, ஆழம் வேண்டும்போது அதன் அடிக்குறிப்பில் உள்ள நூல் என்பதே நான் கடைப்பிடிக்கும் முறை.

தேடல் பொறிகளும் உரையாடும் கணினி நிரல்களும் இப்போது கேள்விக்கு நேராகவே ஒரு பத்தி விடை தந்துவிடுகின்றன. அந்தப் பத்திகளில் உள்ள செய்திகள் பலவற்றுக்கு விக்கிப்பீடியாவும் ஊற்றாக இருக்கிறது. ஆனால் விக்கியில் உள்ளதுபோல் ஒவ்வொரு பெயரிலும் நீல இணைப்பு அங்கே இல்லை, வரலாறு இல்லை, எழுதியவர்களின் உரையாடல் இல்லை. மீட்டர் என்றால் என்ன என்று அப்படி ஒரு நிரலைக் கேட்டிருந்தால் ஒளியின் வேகத்தோடு என் கேள்வி அன்று முடிந்திருக்கும், மெஷேனை நான் சந்தித்திருக்கமாட்டேன்.

இணைய இணைப்பு நிலையற்று இருக்கும் இடங்களில் வசிப்பவர்கள் கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியை அறிந்திருப்பது நல்லது. ஒரு மொழிப் பதிப்பு முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்துக்கொண்டு இணையம் இன்றியே படிக்கலாம். படங்களோடு கூடிய ஆங்கிலப் பதிப்பு ஏறத்தாழ 100 கிகாபைட் இடம் கேட்கும். தமிழ்ப் பதிப்புக்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும், கைப்பேசியிலேயே அடங்கிவிடும். உட்புற இணைப்புகள் அனைத்தும் அப்படியே வேலை செய்யும். வரலாறும் உரையாடலும் மட்டும் அதில் வாரா.

படிப்பதோடு நில்லாமல் ஒருமுறை, கட்டுரையைத் திருத்த வழிவிடும் ‘தொகு’ என்பதையும் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்வேன். ஒரு தமிழ் வானியல் கட்டுரையில் ஆண்டு ஒன்று விடுபட்டிருந்ததைக் கண்டு, சான்றோடு ஒரே ஒரு வரியை இரவில் சேர்த்தேன். காலையில் பார்த்தபோது, நான் அறியாத ஒருவர் அந்த வரியில் பிரிந்து கிடந்த ‘கண்டறியப் பட்டது’ என்பதைச் சேர்த்து எழுதி, என் சான்றுக்குப் பக்கத்தில் அதைவிடப் பழைய ஒன்றையும் வைத்திருந்தார். தொகுப்புச் சுருக்கத்தில் ‘உரை திருத்தம், கூடுதல் மேற்கோள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் சேர்த்த மேற்கோளைத் திறந்து படித்தேன். நான் எழுதிய ஆண்டு சரியாகவே இருந்தது.